ஆற்றுக்கு அளவெடுத்தவள்

கல்யாணமாகி அந்த மலைக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு இருபத்திநாலு வயது. கூடவே வந்தது ஒரு தையல் மெஷின். ஜீப்பின் பின்பக்கம் அதைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். வழியெல்லாம் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"உன் கண்ணு என்மேல இருக்கா, மெஷின் மேல இருக்கா?" என்று புருஷன் கேட்டான்.

"மெஷின் விழுந்தா உடைஞ்சிடும். நீங்க விழுந்தா எழுந்துக்குவீங்க" என்றாள்.

அவள் பிறந்து வளர்ந்தது தண்ணீர் லாரியில் வரும் ஊர். குடத்தோடு வரிசையில் நின்றே பாதிப் பிள்ளைப்பருவம் போய்விட்டது. அவள் பார்த்த ஆறெல்லாம் மணலும் முள்ளும்தான். மலையில் முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்குக் கீழே ஓயாமல் ஓர் இரைச்சல் கேட்டது. காற்று என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இது எப்போ நிக்கும்?" என்று கேட்டாள்.

"நிக்காது. அதுதான் ஆறு."

இவ்வளவு தண்ணீர் கேட்பாரில்லாமல் போகிறதே என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

அந்த ஆற்றுக்கு மேலே ஊரே கிடையாது. மலை உச்சி வரைக்கும் பாதுகாக்கப்பட்ட காடு. வனக்காவலர்களும் அனுமதி வாங்கிய ஆராய்ச்சிக்காரர்களும் தவிர யாரும் உள்ளே போகக்கூடாது. காட்டின் விளிம்பில், தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீட்டை நீர்த்துறை அவள் புருஷனுக்குக் கொடுத்திருந்தது. அவன் வேலை ஆற்றின் அளவு பார்ப்பது. வீட்டிலிருந்து நூற்றுநாற்பது கல்படி இறங்கினால், ஆற்றோரப் பாறையில் ஆள் உயரத்துக்கு மேல் நீளமான ஒரு வெள்ளைப் பலகை பதித்திருக்கும். அதில் மீட்டரும் சென்டிமீட்டரும் கறுப்புக் கோடுகளாக இருக்கும். காலை ஆறு மணி, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு என்று மூன்று வேளையும் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். மழை பெய்தால் மணிக்கு ஒரு தடவை. வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு தொலைபேசி. அதில் கீழே நகரத்திலிருக்கும் பொறியாளர் அலுவலகத்துக்கு அளவைச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் வருஷம், மழையே இல்லாத ஒரு காலையில், பாசி பிடித்த படியில் அவன் கால் வழுக்கியது. இருபது படி உருண்டான். இடுப்பெலும்பு முறிந்துபோனது. நகரத்து ஆஸ்பத்திரியில் தகடு வைத்து, மூன்று மாதம் படுக்கையை விட்டு அசையக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

"அளவு போகலைன்னா வேற ஆளை அனுப்பிடுவாங்க. வீட்டையும் காலி பண்ணச் சொல்லுவாங்க" என்று கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நான் இறங்குறேன்" என்றாள் அவள்.

"உனக்குத் தண்ணின்னாலே பயம்."

"பயந்துகிட்டே இறங்குறேன்."

அவனுடைய தங்கை வனக்காவலர்களின் சமையற்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். முப்பது பேருக்கு ஒற்றை ஆளாக ஆக்கிப் போடுகிறவள். வாய் நீளம், மனசு அதைவிட நீளம். விஷயம் கேட்டதும் கரண்டியைப் போட்டுவிட்டு ஒரு கயிற்றோடு வந்தாள். அதன் ஒரு முனையை அண்ணியின் இடுப்பில் கட்டி, மறுமுனையைப் படியோர மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றித் தன் கையில் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, ஆட்டுக்குட்டிய கட்டுற மாதிரி கட்டுற?"

"ஆட்டுக்குட்டின்னா கத்தும் அண்ணி. நீங்க சத்தமில்லாம போயிடுவீங்க. அதான் பயமா இருக்கு."

முதல் வாரம் முழுக்க அவள் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினாள். கடைசிப் படியில் நின்று ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பலகையைப் பார்ப்பாள். அலை அடித்துத் தண்ணீர் கோட்டுக்கு மேலும் கீழும் ஆடும். எது சரியான அளவு? தையல்காரிக்கு அது புதிதல்ல. அளவெடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிப்பவர்களும் உண்டு, வயிற்றை உப்பிக் காட்டுபவர்களும் உண்டு. பொறுமையாக நாலைந்து தடவை பார்த்து நடுவிலே ஒன்றை எடுப்பாள். எண்பத்துமூன்று. எண்பத்தாறு. எண்பத்தொன்று.

எப்படி எழுத வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் பழைய பக்கங்களைப் புரட்டினாள். புருஷனின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஆனால் அளவெல்லாம் எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு என்றே இருந்தன. மழைக்காலப் பக்கங்களிலும் அப்படியே. மணிக்கொரு தடவை எழுதியிருக்கிறான். எல்லாம் அச்சடித்த மாதிரி ஒரே சீர்.

பதிவேட்டைக் கட்டிலுக்குக் கொண்டுபோனாள். "என்னங்க, மழையில கூட ஆறு அஞ்சு அஞ்சாத்தான் ஏறுமா?"

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். சுவரைப் பார்த்தே பேசினான். "வேலைக்குச் சேர்ந்த வருஷம், நான் நின்ன படிய ஒரு மரம் அடிச்சு இழுத்துட்டுப் போச்சு. நான் ஒரு படி மேல ஏறியிருந்தேன், அவ்வளவுதான். அதுக்கப்புறம் மழைன்னா கால் இறங்க மாட்டேங்குது. வீட்ல இருந்தே குத்துமதிப்பா எழுதிடுவேன். அஞ்சு வருஷமா ஒருத்தரும் கேக்கல." பிறகு மெதுவாக, "நீ ஒரேயடியா மாத்தி எழுதிடாதே. கொஞ்சம் முன்னப்பின்ன பாத்து எழுது" என்றான்.

"அளவெடுக்காம தைச்ச சட்டைய யாருக்குங்க போடுறது?" என்றாள். சண்டையாக இல்லை, கேள்வியாகவே கேட்டாள். அவள் பார்த்ததைப் பார்த்தபடியே எழுதினாள், அவன் பெயரில். போனில் அளவைச் சொல்லும்போதும் அவன் பெயரையே சொன்னாள்.

இரண்டாம் மாதத்தின் கடைசி. விடுமுறை நாள். வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. மூன்று கிலோமீட்டர் கீழே, காட்டின் நுழைவாயிலை ஒட்டி ஆறு அகன்று தேங்கும் இடத்தில் மட்டும் ஜனங்களைக் குளிக்க விடுவார்கள். நுழைவுச்சீட்டு கொடுக்கும் மனிதரை எல்லோரும் டிக்கெட் அண்ணன் என்பார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு அவள் இறங்கியபோது பலகை எண்பத்துநான்கு காட்டியது. எழுதிக்கொண்டு திரும்பியவள் பத்துப் படி ஏறியிருப்பாள். இரைச்சல் மாறியது. ஆற்றின் குரலுக்கு அடியில் கல் உருளும் சத்தம்.

மறுபடி இறங்கினாள். கண்ணாடி போலிருந்த தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. பச்சை இலைகள் மிதந்து வந்தன. உதிர்ந்த சருகுகள் அல்ல, காம்போடு பிய்ந்த புது இலைகள். பாறையில் எப்போதும் படுத்துக் கிடக்கும் நீர்நாய்க் குடும்பம் குட்டிகளைக் கவ்விக்கொண்டு கரையேறியது. பலகையில் தொண்ணூற்றாறு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூற்றுநாலு.

நூற்றுநாற்பது படியை எப்படி ஏறினாள் என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. முதலில் பொறியாளர் அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

எடுத்த உதவியாளர் சிரித்தார். "இங்க வெயில் மண்டையப் பிளக்குதும்மா. மழை எங்க பெய்யுது? பலகைய சரியாப் பாத்தீங்களா? உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க."

அவள் அதை அப்படியே வைத்துவிட்டு நுழைவாயிலுக்குப் போட்டாள்.

"டிக்கெட் அண்ணே, ஆறு ஏறுது. எல்லாரையும் வெளிய எடுங்க."

"எவ்வளவு ஏறுது?"

"தெரியல. நிக்காம ஏறுது. கல்லு உருளுது."

அவர் இன்னொரு கேள்வி கேட்கவில்லை. ரிசீவரைக்கூட வைக்கவில்லை. கீழே தொங்கிய ரிசீவர் வழியாக அவருடைய விசில் சத்தம் இவளுக்குக் கேட்டது. தொடர்ந்து கத்தல், ஓட்டம், ஒரு குழந்தையின் அழுகை. தாழ்வாரத்தில் நின்றபடி ஒவ்வொரு சத்தத்தையும் எண்ணுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே கட்டிலில் புருஷன் முழங்கையை ஊன்றி எழப் பார்த்து, முடியாமல் விழுந்தான்.

இருபது நிமிடம் கழித்து டிக்கெட் அண்ணனின் குரல் வந்தது. மூச்சிரைத்தது. "எழுபத்திரண்டு டிக்கெட் குடுத்தேன். எழுபத்திரண்டு தலையும் மேல நிக்குது. கைக்குழந்தை ரெண்டு, அதுவும் இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "குளிச்சுகிட்டிருந்த இடத்துல இப்போ ஒரு மரம் போகுதும்மா. வேரோட" என்றார்.

உச்சியில் எங்கோ மேகம் உடைந்து கொட்டியிருக்கிறது. கீழே ஒரு துளி இல்லை. செருப்புகளும் சோற்றுப் பாத்திரங்களும் துண்டுகளும் போயின. ஆள் ஒருவரும் போகவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். சமையற்கூடத்திலிருந்து ஓடிவந்த நாத்தனார் காரணம் கேட்காமல் கூட உட்கார்ந்து அழுதாள். பிறகுதான், "யாரு அண்ணி போயிட்டாங்க?" என்று கேட்டாள். "யாரும் போகலடி" என்றதும் முதுகில் ஓர் அடி வைத்தாள்.

விஷயம் செய்தித்தாளில் வந்தது. 'அளவு பார்க்கும் பெண் காப்பாற்றினார்' என்று போட்டுவிட்டார்கள். எந்தப் பெண் என்று அலுவலகத்தில் கேள்வி கிளம்பியது. சம்பளப் பட்டியலில் இருப்பது ஆண் அல்லவா? மூன்றாம் நாள் பொறியாளரே ஜீப்பில் வந்து இறங்கினார். நரைத்த தலை, அதிகம் பேசாத மனிதர். பதிவேட்டைக் கேட்டு வாங்கித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் படித்தார்.

"ரெண்டு மாசமா கையெழுத்து வேற. அளவும் வேற. கீழ நகரத்துல இதே ஆத்துக்கு இன்னொரு பலகை இருக்கு, அதோட ரெண்டு மாசமாத்தான் ஒத்துப்போகுது. அதுக்கு முன்னாடி அஞ்சு வருஷம் உங்க ஆறு ரொம்ப ஒழுக்கமா இருந்திருக்கே?"

அவள் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து புருஷன் குரல் கொடுத்தான். "சார், அவ மேல தப்பில்ல. அது நான் எழுதினது. மழைன்னா நான் இறங்கல. இங்க உக்காந்தே எழுதினேன். அவளுக்குத் தெரிஞ்சதே இப்பத்தான்."

பொறியாளர் உள்ளே போய்க் கட்டிலருகே நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் பேனாவை எடுத்து, அவள் எழுத ஆரம்பித்த பக்கத்தின் தலையில், சிவப்பு மையில் எழுதினார்: 'இதற்கு முந்தைய ஐந்தாண்டு அளவுகள் நம்பத்தக்கவை அல்ல. இந்தப் பக்கம் முதல் நேரில் பார்த்து எழுதியவை.' கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியிட்டார். அவனிடம் அதைக் காட்டவும் செய்தார். அவன் கண் கலங்கி, "சரி சார்" என்றான்.

உடல்நிலையைக் காரணம் காட்டி அவனை வேலையிலிருந்து விடுவித்தார்கள். அவனுடைய இடத்தில் அவளை நியமித்தார்கள். வீடும் தங்கியது. பொறியாளர் அதற்காக எத்தனை மேசைக்கு ஏறி இறங்கினார் என்று பின்னாலே வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. உத்தரவை நீட்டியபோது அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "கயிறு கட்டாம இறங்காதம்மா." அடுத்த வாரம் துறையிலிருந்து ஆட்கள் வந்து படியோரம் இரும்புக் கைப்பிடி போட்டார்கள்.

எழுந்து நடக்க ஆரம்பித்ததும் புருஷன் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தான். "நீ என் வேலைய எடுத்துகிட்ட. நான் உன் வேலைய எடுத்துக்கறேன்" என்றான். முதலில் தைத்த காவலர் சட்டைக்கு இடது கை வலது பக்கம் இருந்தது. வாங்கிய காவலர் நல்ல மனிதர். போட்டுக்கொண்டு, "சல்யூட் அடிக்க மட்டும் வசதியா இருக்கு" என்றார். வருஷம் போகப் போக அந்த மலையில் உள்ள சீருடை முழுக்க அவன் கைபட்டதுதான் என்று ஆனது. மழை நாளில் அவள் நனைந்து ஏறி வரும்போது உலர்ந்த துணியும் சூடான தேநீரும் தாழ்வாரத்தில் இருக்கும். அவன் அந்த நேரம் மெஷினை நிறுத்திவிடுவான். அவள் தலை மேல் படியில் தெரிந்த பிறகுதான் சக்கரம் மறுபடி சுற்றும்.

ஆற்றோடு அவளுக்குப் பழக்கமானது. கோடையில், கீழே தரையெல்லாம் வெடித்துக் கிடக்கும் மாதங்களில், பலகை முப்பதுக்குக் கீழே இறங்காது. மழை நின்று நாலு மாதம் ஆகியும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஒரு வனக்காவலரோடு அனுமதி வாங்கி மேலே போய்ப் பார்த்தாள். மரமெல்லாம் பாசி, பாசியெல்லாம் ஈரம். காலடியில் மண் மெத்தையாக அமுங்கியது. அழுத்தின இடத்தில் நீர் கசிந்தது. காடு மழையைக் குடித்து வைத்துக்கொண்டு சிறுகச் சிறுக விடுகிறது. வரிசையில் குடத்தோடு நின்ற பெண் குனிந்து மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்தாள். அட்டை கடித்து இரண்டு கால்களிலும் ரத்தம் வழிந்ததையே வீட்டுக்கு வந்துதான் கவனித்தாள்.

வேலைக்குச் சேர்ந்து பதினெட்டாம் வருஷம் ஒரு பெரிய ஓய்வு விடுதி வரப்போவதாகப் பேச்சு எழுந்தது. காட்டு எல்லைக்கு வெளியேதான். ஆனால் தண்ணீரை ஆற்றின் மேற்பகுதியிலிருந்து குழாய் போட்டு எடுக்க அனுமதி கேட்டார்கள். மழைக்காலத்தில் ஓடுகிற ஓட்டத்தைக் காட்டி, இவ்வளவு தண்ணீரில் ஒரு குழாய் எம்மாத்திரம் என்றார்கள். அப்போது மீன்களைப் பற்றி ஆராய்கிற ஒரு பெண் அவள் வீட்டைத் தேடி வந்தாள். காவலர்கள் அவளை மீன் டாக்டர் என்பார்கள். பதினெட்டு வருஷப் பதிவேடுகளையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு மூன்று நாள் எழுதினாள்.

"அக்கா, கோடையில முப்பதுக்குக் கீழ போனா இந்த மீனெல்லாம் முட்டை போட மேல ஏற முடியாது. கீழ நகரத்துக்குக் குடிதண்ணியும் பத்தாது. அதைச் சொல்றதுக்கு உங்க நோட்டை விட்டா வேற ஆதாரமே இல்ல" என்றாள்.

நகர மண்டபத்தில் விசாரணை நடந்தது. அவளைக் கூப்பிட்டார்கள். புடவையைப் பத்துத் தடவை சரிசெய்துகொண்டு போய் நின்றாள். விடுதிக்காரர்களின் வக்கீல் ஒரு பதிவேட்டைத் திறந்து அந்தச் சிவப்பு மையைச் சத்தமாகப் படித்தார். "நம்பத்தக்கவை அல்ல என்று துறையே எழுதியிருக்கிறது. இந்த நிலையத்தின் அளவுகளை வைத்து எப்படி முடிவெடுப்பது?" என்று கேட்டார். மண்டபம் முணுமுணுத்தது. அவள் திரும்பிப் புருஷன் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் புருஷன் தலை குனிய வேண்டும்.

பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. அவன் தடியை ஊன்றி எழுந்தான்.

"ஐயா, அந்த நம்பத்தகாத ஆள் நான்தான். சிவப்பு மைக்கு முன்னாடி இருக்கறது என்னோடது, பொய். பின்னாடி இருக்கறது இவளோடது. மழையில என்னால இறங்க முடியாத படியில பதினெட்டு வருஷமா இவ இறங்குறா. நான் தாழ்வாரத்துல உக்காந்து பாத்துகிட்டே இருக்கேன். எனக்குத் தெரியாதா?"

தலைமை அதிகாரி பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். "இங்க ஒரு இடத்துல ரெண்டு நாள் காலியா இருக்கே?"

"அந்த ரெண்டு நாள் எம்பொண்ணு பொறந்தா சார்" என்றாள் அவள். "மூணாம் நாள்லேர்ந்து என் நாத்தனாரு பாத்துச் சொல்லி நான் எழுதினேன். அதையும் ஓரத்துல போட்டிருக்கேன். பாக்காத ரெண்டு நாளுக்கு எதை எழுதறது?"

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. அதிகாரியும் சிரித்தார். பதிவேட்டை மூடிவிட்டு, பொய்யைப் பொய் என்று எழுதி வைத்திருக்கிற நோட்டை நம்பாமல் வேறு எதை நம்புவது என்று வக்கீலைப் பார்த்துக் கேட்டார். இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. மேற்பகுதியில் எந்தக் குழாயும் போடக்கூடாது; முப்பதுக்குக் கீழே போகும் நாளில் கீழ்ப்பகுதியிலும் ஒருவரும் கூடுதலாக எடுக்கக்கூடாது.

வாசலில் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் விடவில்லை அவள். "எத்தனை பேர் முன்னாடி..." என்று ஆரம்பித்தவளை அவன் முடிக்க விடவில்லை. "பசிக்குது, வா" என்றான்.

இன்னும் பதினோரு வருஷம் பார்த்தாள். அவள் ஓய்வு பெறும் வருஷம் பாறையில் ஒரு தானியங்கிக் கருவியைப் பொருத்தினார்கள். கால் மணிக்கு ஒரு தடவை அளவைத் தானே அனுப்பிவிடும். வருத்தமாக இருக்கிறதா என்று புது இன்ஜினியர் கேட்டார். "எதுக்கு சார் வருத்தம்? கொட்டுற மழையில இனிமே ஒரு மனுஷன் இறங்க வேண்டாம். இதை முப்பது வருஷம் முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கலாம்" என்றாள்.

வழியனுப்பு விழாவில் பேசச் சொன்னார்கள். எழுதி வைத்த தாளை மடித்துவிட்டுச் சொன்னாள்: "டிக்கெட் அண்ணன் அன்னிக்கு என்கிட்ட ரெண்டாவது கேள்வி கேட்டிருந்தா எவ்வளவு பேர் போயிருப்பாங்களோ. அவரு கேக்கல. பழைய இன்ஜினியர் சார் என்னை வெளிய போன்னு சொல்லியிருக்கலாம். அவரு சொல்லல. என் நாத்தனாரு கயித்தை விட்டிருக்கலாம்."

முன்வரிசையிலிருந்து நாத்தனார், "விட்டிருந்தா எங்கண்ணனுக்கு யாரு சோறு போடுறது?" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

இப்போது அவளும் புருஷனும் நாத்தனாரும் கீழே நகரத்தில், மாடியில் இரண்டு அறை எடுத்து இருக்கிறார்கள். மகள் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போன கோடை, இரண்டு வருஷமாக நல்ல மழை இல்லாத நேரம். சுற்றுவட்டாரத்தில் பல ஊர்களில் தண்ணீர் இல்லை என்று டிவியில் காட்டினார்கள். இங்கே காலையில் வழக்கம்போல ஏழு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வாளியை வைத்துவிட்டு, "என்னக்கா, இன்னிக்கு சன்னமா வருது" என்று குறைப்பட்டாள்.

"வருதே" என்றாள் இவள். சொம்பை நீட்டி நிரப்பி, நின்ற இடத்திலேயே அண்ணாந்து குடித்தாள். தண்ணீர் சில்லென்று இருந்தது.